குறட்டை நிற்கும்போதுதான் கவனிக்க வேண்டும்

ஸ்லீப் ஆப்னியா இருக்கிற வீட்டில் அதை முதலில் கண்டுபிடிப்பவர் நோயாளி இல்லை, அவர் பக்கத்தில் படுப்பவர். டாக்டர் "தூக்கமெல்லாம் எப்படி?" என்று கேட்டால் கணவர் சட்டென்று சொல்வார்: "தூக்கத்துக்கு என்ன குறைச்சல் டாக்டர், படுத்தா காலைலதான்." பக்கத்து நாற்காலியிலிருந்து மனைவி குறுக்கிடுவார்: "இவருக்கு என்ன தெரியும் டாக்டர்? குறட்டை விட்டுக்கிட்டே இருப்பாரு, திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. நான் எழுந்து உக்காந்து நெஞ்சையே பாத்துக்கிட்டு இருப்பேன். அப்புறம் தூக்கிவாரிப் போட்ட மாதிரி ஒரு இழுப்பு இழுத்துட்டு மறுபடி ஆரம்பிப்பாரு."

டாக்டருக்கு வேண்டியது இந்த இரண்டாவது பதில்தான். ஆகவே முதல் முறை டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். தனியாக வசிப்பவர் என்றால் தலைமாட்டில் போனை வைத்து இரவு முழுக்க ஒலிப்பதிவு செய்யுங்கள். கூட யாராவது இருந்தால் இரண்டு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்; முகம் மட்டுமில்லாமல் நெஞ்சும் வயிறும் தெரிய வேண்டும். வயிறு மேலும் கீழும் போய்க்கொண்டே இருக்கிறது, மூக்கில் மூச்சுச் சத்தமே இல்லை என்பது அதில் பதிவாகியிருந்தால் பாதி வேலை முடிந்தது.

உள்ளே நடப்பது இதுதான். நாக்குக்குப் பின்னால், உள்நாக்கிலிருந்து குரல்வளை வரை உள்ள தொண்டைப் பகுதிக்கு எலும்போ குருத்தெலும்போ தாங்கல் கிடையாது. விழித்திருக்கும்போது அதைச் சுற்றியுள்ள தசைகள் இழுத்துப் பிடித்து வைத்திருக்கும். தூங்கியதும் அவை தளரும். ஏற்கெனவே வழி குறுகலாக இருந்தால், மூச்சை உள்ளே இழுக்கிற இழுப்பிலேயே அது ஒட்டிக்கொள்ளும். ஊறிப்போன காகித ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சினால் ஆவதுபோல. குறட்டை என்பது குறுகிய வழியில் போகும் காற்றால் தொண்டைச் சதை அதிர்கிற சத்தம். சத்தம் நின்றுவிட்டால் வழி முழுசாக அடைத்துவிட்டது என்று பொருள் கொள்ளலாம். உதரவிதானம் மட்டும் விடாமல் இழுத்துக்கொண்டிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். கடைசியில் மூளை விழித்துத் தசைகளை உசுப்பும், திணறலோடு மூச்சு திரும்பும். அந்த விழிப்பு சில விநாடிகள்தான் என்பதால் காலையில் நினைவில் இருக்காது. "படுத்தா காலைலதான்" என்பவர் பொய் சொல்லவில்லை.

மூச்சு 10 விநாடியோ அதற்கு மேலோ நின்றால் அது ஒரு ஆப்னியா. முழுக்க நிற்காமல் கணிசமாகக் குறைந்து ஆக்சிஜனும் இறங்கினால் அதையும் கணக்கில் சேர்ப்பார்கள். மணிக்கு எத்தனை முறை என்ற எண்ணுக்கு ஏஹெச்ஐ என்று பெயர். உங்கள் ரிப்போர்ட்டில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே இருந்தால் பயமில்லை. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30-க்கு மேல் கடுமை. 30 என்பது சின்ன எண்ணாகத் தோன்றும். ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு அது 210 அடைப்பு.

அடைப்பே இல்லாமல், மூச்சு விடு என்ற கட்டளையை மூளை அனுப்பாமலே போகும் இன்னொரு வகையும் உண்டு. இதயம் பலவீனமானவர்களுக்கும், மார்ஃபின் போன்ற வலிமருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் அது வரலாம். அதற்கான சிகிச்சை வேறு. இந்த அத்தியாயம் அடைப்பு வகையைப் பற்றியது.

வேறு நோயின் தலையில் விழும் பழி

ராத்திரி மூன்று முறை பாத்ரூம் போகிற அறுபது வயதுக்காரர் அதைச் சர்க்கரை என்பார், இல்லாவிட்டால் புராஸ்டேட் என்பார். இரண்டும் இருக்கலாம்தான். ஆனால் அடைத்த தொண்டைக்கு எதிராக இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் குறைந்து இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. விரிந்த இதயம், உடம்பில் நீர் கூடிவிட்டது என்று தவறாகக் கணக்குப் போட்டு, சிறுநீரைப் பெருக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது. புராஸ்டேட் மாத்திரையில் குறையாத இந்தத் தொல்லை, ஆப்னியாவைக் கவனித்ததும் குறைந்த ஆட்கள் ஏராளம்.

காலைத் தலைவலி, வறண்ட வாய், தொட்டதற்கெல்லாம் எரிச்சல், பகலில் கண் சொக்குவது ஆகியவை பலருக்கும் தெரிந்தவை. அவ்வளவாகத் தெரியாதது ரத்த அழுத்தம். மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்கவில்லை என்றால், நான்காவது மாத்திரைக்கு முன் குறட்டை பற்றிப் பேச வேண்டும். இதயத்துடிப்பு தாறுமாறாவதற்கும் ஆப்னியாவுக்கும் தொடர்பு உண்டு.

பெண்களுக்கு அடையாளம் வேறு மாதிரி வரும். பலருக்குப் பெரிய குறட்டை இருக்காது. தூக்கம் பிடிக்கவில்லை, உடம்பு அசதி, மனசு சரியில்லை என்றுதான் சொல்வார்கள். மாதவிடாய் நின்ற பிறகு அபாயம் கூடுகிறது. தைராய்டு குறைவும் கூட இருந்தால் எல்லாப் பழியும் அதன்மேல் போய்விடும். பெண் குறட்டை விடுகிறாள் என்று வெளியே சொல்லக் கூசும் வீடுகளில் இது பத்து வருஷம்கூட மறைந்து கிடக்கும்.

"குண்டா இருக்கிறவங்களுக்குத்தானே வரும்?" என்பது பாதி உண்மை. எடைதான் முதல் காரணம். ஆனால் தாடை சிறுத்து உள்வாங்கியிருந்தால் ஒல்லியானவருக்கும் வரும். ஆசிய மக்களிடம் இந்தத் தாடை அமைப்பு அதிகம் என்பதால் வயிற்றை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

டொரான்டோவில் அறுவைச் சிகிச்சை நோயாளிகளுக்காக உருவாகி 2008-ல் வெளியான ஸ்டாப்-பேங் என்ற, ஆப்னியா அபாயத்தைக் கணிக்கும் கேள்விப் பட்டியல் இப்போது உலகெங்கும் புழங்குகிறது. கதவு மூடியிருந்தாலும் கேட்கும் குறட்டை, பகல் சோர்வு, மூச்சு நின்றதை யாராவது பார்த்தது, ரத்த அழுத்தம், பிஎம்ஐ 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண் என எட்டு. மூன்றுக்கு ஆம் என்றால் டாக்டரைப் பாருங்கள்; ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தள்ளிப்போடாதீர்கள். கழுத்தளவு தெரியாதவர் சட்டைக் காலரைப் பார்க்கலாம்: 16 இஞ்ச் என்பது ஏறத்தாழ 40 செ.மீ.

மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் 1991-ல் கொடுத்த எப்வொர்த் அளவுகோல் பகல் தூக்கத்தை அளக்கிறது. எட்டுச் சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 10-க்கு மேல் போனால் அது சாதாரணத் தூக்கம் இல்லை. மதியம் சோறு சாப்பிட்டதும் கண் அயர்வதும் அதில் ஒரு கேள்வி. நம்மூரில் அதற்கு யாருமே 3 போடலாம், அதை வைத்துப் பதற வேண்டாம். ஆனால் ஒருவரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதும், சிக்னலில் வண்டி நிற்கும் இரண்டு நிமிடத்திலும் கண் சொக்குகிறது என்றால், மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்கவே வேண்டாம். சிகிச்சை தொடங்கும்வரை வண்டி ஓட்டுவதை நிறுத்துங்கள். வேன், லாரி ஓட்டுவதே பிழைப்பு என்றால் டாக்டரிடம் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்; தேதி சீக்கிரம் கிடைக்கும்.

சோதனை இரவு

தூக்கச் சோதனையை ஆஸ்பத்திரியில் படுத்தும் செய்யலாம், வீட்டிலும் செய்யலாம். ஆஸ்பத்திரியில் என்றால் தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் ஒயர்கள். நெஞ்சிலும் வயிற்றிலும் இரண்டு பட்டைகள். மூக்கில் சின்னக் குழாய். விரலில் ஆக்சிஜன் கிளிப். அன்று தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், ஒயர் ஒட்டாது. முந்தின நாளே ஷாம்பு போட்டுக் குளித்துவிடுங்கள். ஒரு விரலிலாவது நகப்பூச்சு இல்லாமல் இருக்கட்டும். மதியத் தூக்கமும் மாலைக் காபியும் அன்று வேண்டாம். வழக்கமாகப் போடும் மாத்திரைகளை டாக்டர் நிறுத்தச் சொன்னாலொழிய நிறுத்த வேண்டாம். "இவ்வளவு ஒயரோடு எப்படித் தூங்குவேன்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், பெரும்பாலோர் தூங்கியும் விடுகிறார்கள். ஆப்னியாக்காரர்களின் தூக்கக் கடன் அப்படி.

வீட்டுச் சோதனை செலவு குறைவு, சௌகரியம். ஒரு குறை உண்டு. அதில் பெரும்பாலும் மூளை அலை பதிவாவதில்லை. ஆகவே நீங்கள் புரண்டு படுத்த நேரமும் தூங்கிய நேரமாகவே கணக்கில் சேரும். வகுக்கும் மணி கூடினால் ஏஹெச்ஐ குறைந்து தெரியும். அறிகுறி பலமாக இருந்து வீட்டு ரிப்போர்ட் மட்டும் நார்மல் என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் ஆஸ்பத்திரிச் சோதனையைக் கேளுங்கள்.

மாஸ்க்கோடு வாழப் பழகுவது

நடுத்தர, கடுமையான ஆப்னியாவுக்கு இன்றும் முதல் சிகிச்சை, மாஸ்க் வழியே காற்றை ஊதும் சிபேப் மெஷின். 1980-ல் சிட்னியில் காலின் சல்லிவன் இதை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். 1981-ல் ஐந்து பேரின் விவரங்களோடு லான்செட் இதழில் கட்டுரை வந்தது. அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்வார்கள். அந்த நாளோடு ஒப்பிட்டால் மூக்கில் ஒரு மாஸ்க் பெரிய தண்டனை இல்லை. மெஷின் தருவது ஆக்சிஜன் அல்ல, அறையில் இருக்கும் அதே காற்றைத்தான். லேசான அழுத்தத்தில் விடாமல் ஊதித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள், இனி அவ்வளவுதான் என்று உறவினர்கள் அழத் தொடங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது.

பிரச்சினை மெஷினில் இல்லை, அது அலமாரிக்குப் போய்விடுவதில் இருக்கிறது. இதய நோயாளிகள் 2,700 பேரை வைத்து நடந்து 2016-ல் வெளியான சேவ் என்ற ஆய்வில், மாரடைப்பும் பக்கவாதமும் சிபேப் பயன்படுத்தியவர்களுக்குக் குறையவில்லை. பகல் தூக்கமும் மனநிலையும் மட்டும் மேம்பட்டன. "அப்போ எதுக்கு?" என்று கேட்பவர்கள் அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: அவர்கள் மாஸ்க் போட்டது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான்.

நான்கு மணி நேரம் போட்டால் போதும் என்று ஒரு பேச்சு உண்டு. அது நோயாளி ஒத்துழைக்கிறாரா என்று பார்க்க வைத்த குறைந்தபட்சக் கணக்கு, சிகிச்சையின் அளவு அல்ல. கனவு காணும் தூக்கத்தில் உடம்பின் தசைகள் மிக அதிகமாகத் தளர்கின்றன. பலருக்கு நீளமான அடைப்புகள் அப்போதுதான் வருகின்றன. அந்தத் தூக்கம் இரவின் கடைசிப் பங்கில், விடியற்காலையில்தான் அதிகம். பத்து மணிக்கு மாஸ்க் போட்டு இரண்டு மணிக்குப் பாத்ரூம் போகும்போது கழற்றி வைப்பவர், இரவின் மோசமான பகுதியை மெஷின் இல்லாமல் கழிக்கிறார். பாத்ரூம் போகும்போது மாஸ்க்கைக் கழற்றாதீர்கள், குழாயை மட்டும் கழற்றுங்கள். அதற்கான இணைப்பு மாஸ்க்கிலேயே இருக்கும். திரும்பி வந்து படுத்துச் சொருகிக்கொள்ள விளக்குகூடப் போட வேண்டாம்.

மாஸ்க்கை வாங்குவதற்கு முன் படுத்துப் பாருங்கள். உட்கார்ந்த முகமும் படுத்த முகமும் ஒன்றல்ல. கன்னமும் தாடையும் சரியும். கடைக்காரரிடம் மெஷினை ஓடவிடச் சொல்லி, மல்லாந்தும் ஒருக்களித்தும் ஐந்து நிமிடம் படுங்கள். காற்று கசிகிறது என்று பட்டையை இறுக்குவது எல்லோரும் செய்யும் தப்பு. இறுக்க இறுக்க ரப்பர் மடங்கிக் கசிவு கூடும், மூக்குத்தண்டில் புண்ணும் வரும். பட்டைக்குள் விரல் நுழைகிற தளர்வு வேண்டும். மாஸ்க்கை ஒரு தடவை முகத்திலிருந்து தூக்கி, காற்று நிரம்ப விட்டு, மறுபடி வையுங்கள். கசிவு பெரும்பாலும் நின்றுவிடும்.

மீசைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மூக்கை மூடும் மாஸ்க்கின் கீழ்விளிம்பு மீசைமேல்தான் உட்காரும். அடர்ந்த மீசை என்றால் கசியும். மீசையை எடுக்கச் சொல்லி யாரையும் சிபேப்புக்குச் சம்மதிக்க வைக்க முடியாது. நாசித் துவாரத்திலேயே பொருந்தும் சின்னக் குமிழ் வகை ஒன்று இருக்கிறது, அதைக் கேளுங்கள். வாயைத் திறந்து தூங்குபவருக்கு வாயும் மூக்கும் மூடும் பெரிய மாஸ்க் தேவைப்படலாம். அதற்கு முன் மூக்கடைப்பைச் சரிசெய்து பாருங்கள். உப்புநீரில் மூக்கைக் கழுவுவது பலருக்குப் போதும். வாயில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு தூங்கும் புதிய பழக்கத்தை, மூக்கடைப்பு உள்ளவர்களும் ஆப்னியாவுக்குச் சிகிச்சை எடுக்காதவர்களும் தொடவே வேண்டாம்.

மாஸ்க் போட்டதும் மூச்சு முட்டுவதாகப் பயம் வந்தால் படுக்கையில் பழகாதீர்கள். சாயங்காலம் டிவி பார்க்கும்போது மெஷினை ஓடவிட்டு அரை மணி நேரம் போட்டுக்கொண்டிருங்கள். பேரன் பேத்தி சிரிக்கட்டும், மூன்றாம் நாள் அவர்களுக்கே சலித்துவிடும். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏறும் வசதி மெஷினில் உண்டு. வயிறு காற்றால் உப்பினாலும் மூச்சை வெளியே விடச் சிரமமாக இருந்தாலும் அழுத்தத்தை மாற்ற வேண்டும். அதை நீங்களே மாற்றாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு வாரத்தில் தீர்க்கப்படாத சின்னத் தொல்லைதான் மெஷினை அலமாரிக்கு அனுப்புகிறது. ஆகவே மெஷினை வாடகைக்கு எடுத்துப் பார்த்த பிறகு வாங்குங்கள். பத்து நாளில் ஒருவர் வந்து பார்ப்பதாக ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள். விலையில் இரண்டாயிரம் குறைவதைவிட அது பெரிது.

கரண்ட், தண்ணீர், தூசி

மெஷினோடு வரும் விளக்கப் புத்தகம் நம் வீடுகளை மனதில் வைத்து எழுதியதல்ல. கரண்ட் போனால் மெஷின் நிற்கும். மாஸ்க்கில் துளைகள் இருப்பதால் மூச்சு அடைத்துவிடாது, பெரும்பாலோர் விழித்துக்கொள்வார்கள். இன்வெர்ட்டரில் ஓட்டலாம். காற்றை ஊதும் மோட்டாருக்குக் கொஞ்சம் மின்சாரமே போதும். ஈரப்பதம் தரும் சூடான தண்ணீர்த் தொட்டிதான் அதிகம் இழுக்கும். மின்வெட்டு அதிகமான ஊரில் அதை அணைத்துவிடுங்கள். புதிதாக இன்வெர்ட்டர் வாங்குவதானால் சைன் வேவ் வகையாகப் பாருங்கள்.

கடற்கரை ஊர்களில் ஜன்னலைத் திறந்து படுப்பவருக்குத் தண்ணீர்த் தொட்டியே தேவைப்படாமல் இருக்கலாம். ஏசி அறையில் மூக்கு வறளும், அங்கே வேண்டும். ஆனால் ஏசி குளிரில் குழாய்க்குள் நீராவி தண்ணீராகி முகத்தில் தெறிக்கும். குழாயைப் போர்வைக்குள் விட்டு, மெஷினைப் படுக்கையைவிடத் தாழ்வாக வைத்தால் நிற்கும். பாய் விரித்துத் தரையில் படுப்பவர் தண்ணீரை விட்டுவிடுவதே நல்லது. தொட்டிக்கு டிஸ்டில்டு வாட்டர். அதையும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்குங்கள், வண்டி பேட்டரிக்கு ஊற்றுவது வேண்டாம். போர்த் தண்ணீர் ஊற்றினால் ஒரே வாரத்தில் வெள்ளையாக உப்புப் படியும். மிச்சத் தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிவிட வேண்டும்.

மாஸ்க் ரப்பரைத் தினமும் லேசான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள்; முக எண்ணெய்தான் அதற்கு முதல் எதிரி, படுக்கும்முன் முகம் கழுவினால் அதிக நாள் உழைக்கும். குழாயை வாரம் ஒரு தடவை கழுவி நிழலில் தொங்கவிடுங்கள். ஃபில்டரை மாதம் ஒன்று என்பார்கள். ரோட்டோர வீடு என்றால் இரண்டு வாரத்திலேயே சாம்பல் நிறமாகிவிடும், நிறத்தைப் பார்த்து மாற்றுங்கள். பகலில் குழாயின் வாயைத் துணியால் கட்டி வையுங்கள். கரப்பான்பூச்சிக்குப் பிடித்த இடம் அது.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்குகிறவர்கள் ஒன்றைப் பார்க்க வேண்டும். 2021 ஜூனில் பிலிப்ஸ் நிறுவனம், சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த ஃபோம் பொடிந்து காற்றில் கலக்கலாம் என்பதால், டிரீம்ஸ்டேஷன் முதல் தலைமுறை உள்ளிட்ட பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அந்தப் பழைய மெஷின்கள் மலிவாகக் கைமாறக்கூடும். மாடல் பெயரும் சீரியல் எண்ணும் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மாஸ்க், குழாய், ஃபில்டர் மூன்றும் எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

மற்ற வழிகள்

எடை குறைத்தால் போய்விடுமா? விஸ்கான்சினில் நூற்றுக்கணக்கானவர்களை வருஷக்கணக்கில் பின்தொடர்ந்து 2000-ல் வந்த ஆய்வின்படி, எடை 10 சதவீதம் குறைந்தால் ஏஹெச்ஐ ஏறத்தாழ 26 சதவீதம் குறைகிறது. 80 கிலோக்காரர் 8 கிலோ குறைத்தால் 40 என்பது 30 ஆகும். நல்ல லாபம், ஆனால் மெஷினைத் தூக்கிப் போடும் அளவுக்கு அல்ல. மறுசோதனை செய்தபின் முடிவெடுங்கள். எடை குறைக்க உதவும் டிர்செபடைட் ஊசியை, உடற்பருமனோடு நடுத்தர அல்லது கடுமையான ஆப்னியா உள்ள பெரியவர்களுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 டிசம்பரில் அனுமதித்தது. எடை காரணமாக வந்தவர்களுக்கு அது பயன் தரலாம், தாடை அமைப்பால் வந்தவர்களுக்கு அதில் எதிர்பார்க்க அதிகமில்லை.

மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருகிற ஆப்னியா உண்டு; ரிப்போர்ட்டில் படுக்கை நிலை வாரியாக எண் இருக்கும். அவர்களுக்குப் பனியனின் முதுகுப் பக்கம் ஒரு பை தைத்து டென்னிஸ் பந்து வைக்கும் பழைய உத்தி இன்னும் வேலை செய்கிறது. மது தசைகளை மேலும் தளர்த்தும், தூக்க மாத்திரைகள் பலவும் மூச்சடைப்பைக் கூட்டலாம். "தூக்கம் சரியில்லை" என்று சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிப் போடும் ஆப்னியாக்காரர்தான் இதில் பெரிய அபாயத்தில் இருப்பவர். கீழ்த்தாடையை முன்னால் இழுத்துப் பிடிக்கும் பல் கருவி லேசான, நடுத்தர நிலைக்கு நல்லது. பயிற்சி பெற்ற பல் டாக்டர் அளவெடுத்துச் செய்ய வேண்டும், பற்கள் போதுமான அளவு இருக்க வேண்டும். மூக்கு ஆபரேஷன் சிபேப்பைத் தாங்கிக்கொள்ள உதவும், தனியாக ஆப்னியாவைத் தீர்ப்பது அபூர்வம். ஆஸ்திரேலியப் பழங்குடியினரின் டிஜெரிடூ என்ற ஊதுகுழலை நான்கு மாதம் வாசித்தவர்களுக்கு நடுத்தர ஆப்னியா குறைந்ததாக 2005-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. தொண்டைத் தசைக்குப் பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு என்பதற்கு அது சான்று, மெஷினுக்கு மாற்று அல்ல.

குழந்தைகள் விஷயம் வேறு. வாயைத் திறந்து குறட்டை விடும் பிள்ளைக்குப் பெரும்பாலும் டான்சிலும் அடினாய்டும்தான் காரணம். பகலில் தூங்கி வழியாமல், ஓரிடத்தில் உட்காராமல் துறுதுறுவென்று திரியும் என்பதால் பெற்றோருக்குச் சந்தேகமே வராது. மணிக்கு ஒன்றுக்கு மேல் போனாலே குழந்தைகளுக்குக் கவனிக்க வேண்டிய எண். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.

வெளியூர் போகும்போது தொட்டியைக் காலி செய்து, மெஷினைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; விமானத்தில் கீழே போகும் சாமானோடு போட வேண்டாம், மருத்துவக் கருவி என்ற டாக்டர் கடிதம் கையில் இருக்கட்டும். ரயிலில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜிங் பாயிண்ட்டை நிறுத்திவிடுவது உண்டு என்பதால் தனி பேட்டரி இல்லாமல் அதை நம்பி ஏறாதீர்கள். எந்த ஆபரேஷன் என்றாலும், பல்லுக்கோ கண்ணுக்கோ மயக்கம் கொடுப்பதானாலும், மயக்க மருந்து டாக்டரிடம் ஆப்னியா இருப்பதை நீங்களே சொல்லுங்கள், கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அட்மிட் ஆகும் பையில் மெஷினும் மாஸ்க்கும் அழுத்த அளவு எழுதிய தாளும் போகட்டும். மயக்கம் தெளிந்து வலி மருந்து ஏறும் முதல் இரவில் அது கட்டாயம் தேவைப்படும், வார்டில் உங்கள் அளவு மாஸ்க் இருக்காது.